ஸ்மில்யாவின் நண்பகல் இருட்டு

திசா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் பெண்களுக்கு முடி வெட்டும் கடைகள் மூன்று இருந்தன. இரண்டில் ஊர் வம்பு கிடைக்கும். ஸ்மில்யாவின் கடையில் வம்போடு அண்டவெளியும் சேர்த்துக் கிடைக்கும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் கேள்வி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினால் சீப்பால் ஒரு தட்டு விழும்.

முடி உலர்த்தும் எந்திரத்துக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குத் தங்கள் குரலே கேட்காது. அதனால் கத்துவார்கள். தெருவில் போகிறவர்கள் காதில் இப்படியெல்லாம் விழும்:

"ஸ்மில்யா! இந்த நட்சத்திரமெல்லாம் ஏன் கீழ விழ மாட்டேங்குது?"

"கீழன்னு அங்க ஒண்ணு இருந்தாத்தானே விழும்! நம்ம பூமியே சூரியனைப் பாத்து விழுந்துகிட்டேதான் இருக்கு. பக்கவாட்டுலயும் ஓடுது, அதனால போய் மோதாம சுத்திகிட்டு இருக்கு. நீ ஆடாம உக்காரு, காது வெந்துடும்."

"மொத்தம் எத்தனை இருக்கும்?"

"உன் தலையில ஒரு லட்சம் முடி இருக்குன்னு வச்சுக்க. இல்ல, ஆனா வச்சுக்க. உன்ன மாதிரி பத்து லட்சம் பேரை வரிசையா உக்கார வச்சு, ஒவ்வொரு முடியா எண்ணினா, நம்ம பால்வீதியில இருக்கிற நட்சத்திரக் கணக்கு ஏதோ கிட்டத்தட்ட வரும். அதுக்கப்புறம் பால்வீதி மாதிரியே இன்னொண்ணு, இன்னொண்ணு, அதையும் எண்ணணும். நான் அதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவேன்."

சிவப்புச் சாயம் கேட்டு வருகிறவர்களிடம், வானத்தில் சிவப்பு நட்சத்திரம்தான் சூடு குறைந்தது, நீலமாக இருப்பதுதான் கொதிக்கிறது என்பாள். "இதெல்லாம் எங்க போய் முடியுது?" என்று யாராவது கேட்டால் மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "தெரியாதும்மா. எனக்கு மட்டுமில்ல, யாருக்குமே தெரியாது" என்பாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும்.

அவள் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தார். பள்ளி முடித்த வருடம் ஊர்க் கலாச்சார மன்றத்தில் வானியல் சங்கம் ஒன்று நடந்தது. மாடியில் ஒரு தொலைநோக்கி. தோழி ஒருத்தி வற்புறுத்தியதால் போனாள். சனிக்கோளை முதல் தடவை பார்த்துவிட்டு, யாரோ குழாயின் அந்த முனையில் படம் ஒட்டி வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். படம் எதுவும் இல்லை. திரும்ப வந்து கண்ணை வைத்தாள். வளையம் போட்டுக்கொண்டு அது அப்படியே நின்றது. அன்றைக்கு அவளை அங்கிருந்து கிளப்பத் தொலைநோக்கியை மூடி வைக்க வேண்டியிருந்தது.

இன்னொரு நாள் ஆந்திரோமேடா என்ற விண்மீன் மண்டலத்தைக் காட்டினார்கள். கண்ணுக்கு ஒரு பஞ்சுத் துணுக்குதான். அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி இருபத்தைந்து லட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்றார்கள். மனிதன் என்று ஒரு பிறவி உருவாவதற்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம், வேறு எங்கும் போகாமல், ஒரு செங்கல் சூளைக்காரர் மகளின் கண்ணுக்குள் வந்து முடிந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அழுகிறாய் என்று கேட்டவர்களுக்குச் சளி என்று சொல்லிவிட்டாள்.

ரதிவோய் அந்தச் சங்கத்துக்கு வந்தது கணப்பு அடுப்புக்காக. குளிர்காலத்தில் படகு ஓடாது. டான்யூப் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டுகிறவனுக்குப் பனிக்காலத்தில் இரண்டே போக்கிடம், சாராயக் கடை அல்லது கலாச்சார மன்றம். சாராயக் கடையில் அவனுக்குக் கடன் இருந்தது. கடைசி பெஞ்சில் கையை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் ஒரு நாள் வாயைத் திறந்தான்.

"பகல்ல இந்த நட்சத்திரமெல்லாம் எங்க போகுது?"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்மில்யா சிரிக்கவில்லை.

"எங்கயும் போகல. அங்கயேதான் இருக்கு. சூரிய வெளிச்சத்துல நமக்குத் தெரியல. யாராவது சூரியனை மூடினா தெரியும்."

"யாரு மூடுவா?"

"நிலா."

"அந்தச் சின்ன நிலாவா? சூரியன் எம்மாம் பெருசு!"

"நானூறு மடங்கு பெருசு. ஆனா நானூறு மடங்கு தள்ளியும் இருக்கு. அதனால சரியா மூடும், சட்டிக்கு மூடி மாதிரி."

"அப்படி ஒரு பொருத்தமா?" என்றான் அவன். பிறகு, "நம்ம ஊர்ல எப்ப?" என்று கேட்டான்.

சுவரில் நிலாவின் நிழல் போகும் பாதைகளைக் குறித்த வரைபடம் ஒன்று தொங்கியது. ஐரோப்பாவின் குறுக்கே ஒரு மெல்லிய பட்டை. அது எங்கள் ஊர் மேலேயே போனது. 1999 ஆகஸ்ட். அப்போது அது இருபது வருடங்களுக்கு மேல் தள்ளி இருந்தது. ரதிவோய் அந்தப் பட்டையில் விரலை வைத்துக்கொண்டு, "அன்னைக்கு நான் எந்த ஊர்த் துறையில கிடந்தாலும் வந்துடுறேன். ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்" என்றான். கல்யாணத்துக்குக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது வீட்டுக்குப் போன பிறகுதான்.

கல்யாணம் ஆயிற்று. குழந்தை இல்லை. அதைப் பற்றிக் கடையில் யாரும் கேள்வி கேட்பதில்லை. ரதிவோய் வருடத்தில் பாதி ஆற்றில் இருப்பான். ஆனால் எங்கிருந்து தொலைபேசியில் பேசினாலும், வைக்கும் முன், "இன்னும் எத்தனை வருஷம்?" என்று கேட்பான். அவள் சொல்வாள். மற்ற தம்பதிகள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிற மாதிரி இவர்கள் நிலாவின் வருகையைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த 1999-ன் வசந்தத்தில் வானத்திலிருந்து குண்டு விழுந்தது. யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்பதை எங்கள் ஊரில் இன்றைக்கும் சண்டை போட்டுப் பேசுவார்கள். நான் அதற்குள் போகவில்லை. ரதிவோயின் படகு டான்யூபில் ஒரு பாலத்துக்குக் கொஞ்ச தூரம் தள்ளி நங்கூரம் போட்டிருந்தது. பாலம் அவன் கண் முன்னால் ஆற்றில் விழுந்தது. அவனுக்குக் கீறல்கூட இல்லை. ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தான். விழுந்த பாலங்கள் ஆற்றை அடைத்துக்கொண்டதால் அந்த வருடம் படகு ஓடவில்லை.

வந்தவன் முற்றத்தைக் கடக்கவில்லை. வாசலிலிருந்து சமையலறைக்கு முற்றத்தின் குறுக்கே பத்து எட்டுதான். அவன் சுவரை ஒட்டி, கூரை விளிம்புக்குக் கீழேயே, சுற்றிக்கொண்டு போவான். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருப்பான். சன்னல் இல்லாத சரக்கறையில் சாப்பிடுவான், ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு. சண்டை நின்று இரண்டு மாதம் ஆன பிறகும் அப்படித்தான். ஒரு தடவைகூட அவன் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கவில்லை. "இன்னும் எத்தனை நாள்?" என்ற கேள்வியும் நின்றுவிட்டது.

ஸ்மில்யா வாயாடி. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் எங்கே சாப்பிட்டானோ அங்கே அவளும் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் வந்தது. இத்தனை வருடம் காத்திருந்த நிழல் ஒரு வாரத்தில் வரப்போகிறது. அப்போதுதான் வானொலி பேச ஆரம்பித்தது. அன்றைக்கு வெளியே வராதீர்கள், கண் போய்விடும், இதய நோய்க்காரர்கள் படுத்திருங்கள், சன்னல்களை மூடுங்கள். பாதி உண்மை. மூடாத சூரியனை வெறும் கண்ணால் பார்த்தால் கண் போகும்தான். ஆனால் வானொலி ஒன்று சொன்னால் எங்கள் தெரு ஒன்பது சேர்த்துக்கொள்ளும். துணி காயப்போட்டால் விஷம் ஏறும் என்றார்கள். கிணற்றை மூடச் சொன்னார்கள். தக்காளிச் செடிக்குப் போர்வை போர்த்தினார்கள்.

முந்தின நாள் பக்கத்து வீட்டு எடெல்கா அக்கா, ஹங்கேரியக்காரி, ஐம்பது வயதைத் தாண்டியவள், நிலவறையில் தண்ணீர்க் குடங்களை இறக்கிக்கொண்டே கேட்டாள்:

"ஏண்டி ஸ்மில்யா, அது வர்றதுக்கு முன்னால சங்கு ஊதுவாங்களா?"

"எது வர்றதுக்கு முன்னால?"

"அதான்டி, அந்த இருட்டு."

"அக்கா, அது விமானம் இல்ல. நிலா. வெறும் நிழல். மரத்து நிழல்ல நிக்கிறீங்களே, அது உங்களை என்ன பண்ணுது?"

"மரம் ஆகாயத்துலயா இருக்கு? நீ சொல்லுவடி. உனக்கு எல்லாம் அழகு. மேல இருந்து வர்ற எதையும் நான் இனிமே நம்ப மாட்டேன்."

ஸ்மில்யாவுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் கேள்வி கேட்டு, பதில் வாங்கி, தலையும் சீவிக்கொண்டு போனவர்கள் இவர்கள். ஒருத்திகூட அவளை நம்பவில்லை. கடையில் அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுக்காமல் வேலை செய்தாள். மாலை கதவைப் பூட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவர்கள் முட்டாள்கள் இல்லை. வானத்தைப் பற்றி எச்சரிக்கை வந்தால் தண்ணீரை நிரப்பிக்கொண்டு நிலவறைக்குப் போக வேண்டும் என்பதை அந்த வசந்தம் முழுக்கப் படித்துத் தேறியிருந்தார்கள். படித்த பாடத்தைத்தான் செய்கிறார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சரக்கறையில் மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்குத்தான்."

"தெரியும்."

"பட்டறையில இருந்து வெல்டிங் கண்ணாடி ரெண்டு வாங்கி வச்சிருக்கேன்."

ரதிவோய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். "நீ பாரு, பொண்டாட்டி. எனக்குச் சேத்து நீ பாரு. என்னால முடியாது."

அவள் எழுந்துபோனாள். தட்டுகளைக் கழுவும்போது ஒன்று உடைந்தது. தானாக உடையவில்லை.

மறுநாள் காலையில் இருந்த மேகமும் கலைந்துவிட்டது. வானம் கழுவிவிட்டது போல இருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லாச் சன்னல்களிலும் வெயிலை மறைக்கும் மரச் சுருள் பலகைகள் இறங்கியிருந்தன. இடுக்குகளில் கம்பளி. நாய்களைக்கூட உள்ளே இழுத்துக் கட்டியிருந்தார்கள். ரதிவோய் தெற்குப் பக்க அறையின் பலகையை இறக்கிவிட்டு, கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டான்.

ஸ்மில்யா முற்றத்தில் தனியாக நின்றாள். வெல்டிங் கண்ணாடியைக் கண்ணுக்கு முன் பிடித்தாள். சூரியன் பச்சையாக, சின்னதாக, முழுதாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அதன் வலது விளிம்பில் ஒரு சின்னக் குறை விழுந்தது. சுவர் வரைபடத்தில் பார்த்த பட்டை, இதோ, சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், அவள் வீட்டு முற்றத்துக்கே வந்து நிற்கிறது. அவள் வாய்விட்டு, "ஐயோ, வந்துட்டியே!" என்றாள். பேசுவதற்குப் பக்கத்தில் யாருமில்லை.

குறை வளர்ந்தது. பாதியானது. வெயில் இருந்தது, ஆனால் அதில் ஏதோ கழன்றுவிட்டது. நிழல்கள் கத்தியால் அறுத்தது மாதிரி கூர்மையாயின. கை மயிர் சிலிர்த்தது. அப்போது அவளுக்குத் தாங்க முடியாமல் போய்விட்டது. பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அவளை இத்தனை வருடம் பிடித்து வைத்திருந்தது என்று நினைத்திருந்தாள். இல்லை. "ரெண்டு பேரும் சேந்து" என்று அவன் சொன்னதற்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். உயிரோடு இருக்கும்போது இந்த நிழல் இந்தத் தெருவுக்கு இன்னொரு தடவை வராது என்று அவளுக்குத் தெரியும். எரிச்சலும் அழுகையுமாகக் கண்ணாடியைக் கிணற்று மேடையில் வைத்தாள். உள்ளே போனாள்.

அறை இருட்டாக இருந்தது. அவன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவன் திரும்பவில்லை. குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சிருச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் வந்தே?"

"நீ இங்கதானே இருக்கே."

ரதிவோய் தரையைக் காட்டி விரலை நீட்டினான்.

"ஸ்மில்யா, இது என்ன?"

அந்தச் சுருள் பலகை பழசு. கம்பியை மாற்றிக் கோத்தபோது போட்ட துளைகள் பத்துப் பதினைந்து அதில் அப்படியே கிடந்தன. மற்ற நாளில் அவற்றின் வழியாக வெயில் தரையில் வட்ட வட்டமாக விழும். அன்றைக்கு வட்டம் ஒன்றுகூட இல்லை. மரத்தரை முழுக்கப் பிறைகள். நகத்தளவு வெளிச்சப் பிறைகள், எல்லாம் ஒரே பக்கம் திரும்பி, அசையாமல் கிடந்தன.

ஸ்மில்யா அவற்றின் மேல் குனிந்தாள். "சூரியன்" என்றாள். "ஒவ்வொரு ஓட்டையும் ஒரு படம் காட்டுது. இத்தனையும் ஒரே சூரியன்தான். இப்ப மேல எப்படி இருக்கோ அப்படியே, தலைகீழா."

"தலைகீழா ஏன்?"

"மேல இருந்து வர்ற வெளிச்சம் ஓட்டை வழியா நேரா கீழ போகுது. கீழ இருந்து வர்றது மேல போகுது. குறுக்க மாறிடுது."

"ஓட்டை சதுரமா இருந்தா?"

"சின்னதா இருந்தாப் போதும், அப்பவும் இதேதான்."

அவன் கையை நீட்டி ஒரு பிறைக்குக் கீழே வைத்தான். அது அவன் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. கையை மேலும் கீழும் நகர்த்தினான். பிறை கூடவே வந்தது.

"சூடு இல்லையே."

"கொஞ்சூண்டு இருக்கும்."

"இது அங்க இருந்து வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"எட்டு நிமிஷம்."

"அப்ப இது எட்டு நிமிஷம் பழைய சூரியன்" என்றான். மாதக்கணக்கில் அவன் குரலில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. அவள் மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

பிறைகள் மெலிந்துகொண்டே போயின. நகத்துண்டாயின, நூலாயின. அறை சாம்பல் நிறமானது. ரதிவோய் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இது அணையப் போகுது."

"ஆமா."

"இது அணையும்போது நீ வெளிய இருக்கணும்."

"வேணாம். இருக்கட்டும்."

"ஏய் பொண்டாட்டி, எழுந்திரு!"

அவன்தான் முதலில் எழுந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இடைகழியைத் தாண்டி, கதவைத் தள்ளினான். கூரை விளிம்பு வரை வந்து நின்றுவிட்டான். கால் எழும்பவில்லை. வடமேற்கில் வானத்தின் அடி கறுத்து, ஒரு பெரிய நிழல் வயல்களின் மேல் ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் அவனை இழுக்கவில்லை. தானும் நகரவில்லை. இதற்கு மேல் அவன் வராவிட்டால் இங்கேயே நிற்பது என்று முடிவு செய்தாள். நிழல் எதிர்வீட்டுக் கூரையைத் தொட்ட நேரத்தில் ரதிவோய் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரே எட்டில் முற்றத்துக்கு வந்தான்.

விளக்கை அணைத்தது மாதிரி பகல் போயிற்று.

"இப்ப திற" என்றாள். "இப்ப வெறும் கண்ணால பாக்கலாம். பாரு, பாரு, ரதிவோய்!"

அவன் தலையைப் பின்னால் சாய்த்தான். தொப்பி கழன்று விழுந்தது. சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றி வெள்ளி மயிர் போல ஒளி நாலாபக்கமும் விரிந்து அசையாமல் நின்றது. பக்கத்தில் வெள்ளிக்கோள் மினுக்காமல் எரிந்தது. இன்னொரு பக்கம் புதன். அடிவானம் முழுக்க, கிழக்கு மேற்கு எல்லாத் திசையிலும், விடிகிற நேரத்துச் செம்மஞ்சள். குளிர்ந்த காற்று ஒன்று வந்து போனது. கோழி கூட்டுக்குள் போயிருந்தது. ஆற்றங்கரைப் புல்லில் சில்வண்டு கத்த ஆரம்பித்து, சந்தேகப்பட்டு நிறுத்தியது.

ஸ்மில்யா இதைப் பற்றி எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். எதுவும் இது இல்லை. இவ்வளவு பெரியது ஒன்று தன் தலைக்கு மேலேயே எப்போதும் நடந்துகொண்டிருக்க, அதற்குக் கீழே முடி வெட்டிக்கொண்டும் தக்காளி பறித்துக்கொண்டும் இருந்திருக்கிறோம் என்று நினைத்தாள். கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

"சத்தமே இல்லையே" என்றான் ரதிவோய்.

"ம்?"

"இவ்வளவு பெருசா நடக்குது. ஒரு சத்தம் இல்ல." அவன் அழுதுகொண்டிருந்தான், கன்னத்தைத் துடைக்காமல், மேலே பார்த்தபடியே. "ஒண்ணுமே விழல, ஸ்மில்யா."

கறுப்பு வட்டத்தின் ஒரு விளிம்பில் வெளிச்சம் ஒரு சொட்டு பொங்கியது. அவ்வளவுதான், பகல் திரும்பிவிட்டது. அவள் அவன் கண்ணைப் பொத்தினாள். சேவல் ஒன்று எங்கோ கூவியது. எடெல்கா வீட்டு நிலவறைச் சன்னலிலிருந்து கம்பளி கொஞ்சம் விலகியது.

"ஸ்மில்யா! போயிடுச்சாடி?"

"போயிடுச்சு அக்கா."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

ஸ்மில்யா வாயைத் திறப்பதற்குள் ரதிவோய் முந்திக்கொண்டான்.

"நீங்க அந்தக் கம்பளியை எடுத்துட்டு வெளிய வாங்க அக்கா, சொல்றோம்" என்று கத்தினான்.

பிறகு அவன் உள்ளே போனான். சரக்கறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆனால் உடனே திரும்பி வந்துவிட்டான், ஒரு கையில் முக்காலி, மறு கையில் நாற்காலி. இரண்டையும் முற்றத்தின் நட்டநடுவில், நிழலே இல்லாத இடத்தில் போட்டான். மண்ணில் ஆடாமல் அழுத்திப் பார்த்தான்.

"சூப்பு இருக்கா?"

"இருக்கு. ஆறிப் போச்சு."

"பரவால்ல. இங்கயே கொண்டா" என்றான்.